ஆட்டுக்கிடைக்கு வந்த வேதியியல் பேராசிரியர்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு, அரசியல் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் லூயி பாஸ்டரை எடுத்துக்கொண்டேன். பள்ளிப் பாடப் புத்தகத்தில் வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்தவர் என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடுவார்களே, அந்த பாஸ்டர்தான். ஆனால் அவரது வாழ்க்கையின் மிக முக்கியமான நாலைந்து வருஷங்கள் ஆடு, மாடு, கோழி, பன்றி இவைகளோடுதான் கழிந்தன. ஆட்டுக்கிடைகளுக்குப் பேர்போன இராமநாதபுரம் சீமைக்காரர்களாகிய நமக்கு அந்தக் கதை ஓரளவு சொந்தக் கதை மாதிரி.

நான் கால்நடை மருத்துவன் அல்ல. நம் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பிறகு பொறியியல் முடித்து, குளிர்சாதன வேலை பார்ப்பவன். தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கப் போய்த்தான் கால்நடை மருந்தகங்களின் வாசலை மிதித்தேன். பாஸ்டரும் கால்நடை மருத்துவர் அல்ல, மனித மருத்துவரும் அல்ல. அவர் வேதியியல்காரர். வெளி ஆளாக உள்ளே வந்தவர் என்ற ஒரு ஒட்டுதல் எனக்கு அவர்மேல் உண்டு.

1822 டிசம்பர் 27 அன்று பிரான்சின் கிழக்குப் பகுதியில் டோல் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா நெப்போலியன் படையில் சார்ஜெண்டாக இருந்து திரும்பியவர். தொழில், தோல் பதனிடுவது. பிறகு குடும்பம் அர்புவா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஆற்றங்கரையில் வீடு, வீட்டோடு தோல் தொட்டிகள். ஆக, செத்த மாட்டின் வாசனையோடு வளர்ந்த பிள்ளை. படிப்பில் அப்படியொன்றும் சூரப்புலி இல்லை. படம் வரைவதில்தான் கெட்டிக்காரர். 1842-இல் அவர் எழுதிய தேர்வில் வேதியியலில் ‘சுமார்’ என்றுதான் குறித்திருந்தார்களாம்! செமஸ்டரில் அரியர் வைத்த நம்ம ஆட்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

சின்ன வயதில் அவர் மனதில் ஒரு சம்பவம் பதிந்துவிட்டது. 1831-இல் அர்புவா பக்கம் வெறிபிடித்த ஓநாய் ஒன்று புகுந்து பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தில் சூடு போட்டார்கள். அந்தக் காலத்தில் உலகம் பூராவும் அதுதான் வைத்தியம். நம்ம ஊரிலும் மாட்டுக்கு என்ன வந்தாலும் சூட்டுக்கோலை எடுத்தவர்கள் உண்டுதானே.

பாரீஸில் படித்தார். 1848-இல் படிகங்களில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. அதைத் தனியாக எழுதினால் மலர் தாங்காது. 1849-இல் மரி லொரான் என்ற அம்மையாரைக் கைப்பிடித்தார். ஆயுள் முழுக்க அவருக்கு எழுத்தராகவும் உதவியாளராகவும் இருந்தவர் அந்த அம்மாதான். சாராயம் ஏன் புளிக்கிறது, பால் ஏன் கெடுகிறது, ஒயின் ஏன் கசக்கிறது என்று வரிசையாக ஆராய்ந்து, எல்லாவற்றுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே என்று நிறுவினார். இன்றைக்கு ஆவின் பாக்கெட்டைக் கிழிக்கும்போதெல்லாம் அவர் பெயரில் உள்ள முறையைத்தான் குடிக்கிறோம்.

1865-இல் பட்டுப்புழுக்களுக்கு வந்த கொள்ளை நோயால் தெற்கு பிரான்சில் குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. போய்ப் பாருங்கள் என்று அவருடைய ஆசிரியர் டூமா கேட்டுக்கொண்டார். அதுவரை பட்டுப்புழுவைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காதவர் பாஸ்டர்! ஐந்து வருஷம் அதிலேயே கிடந்தார். அந்த வருஷங்கள்தான் அவருக்கு மிகக் கொடுமையான காலமும். 1865-இல் அப்பா காலமானார். அதே வருஷம் இரண்டு வயதுக் குழந்தை காமீல் போய்விட்டாள். அடுத்த வருஷம் பன்னிரண்டு வயது மகள் செசீல் டைபாய்டில் போனாள். மூத்த மகள் ழான் 1859-இலேயே அதே டைபாய்டில் போயிருந்தாள். ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர். 1868-இல், 45 வயதில், அவருக்கே பக்கவாதம் வந்து இடது பக்கம் முடங்கிவிட்டது. அதற்குப் பின் வந்த 27 வருஷமும் ஒரு கையோடுதான். பிராணியைப் பிடிப்பது, ஊசி போடுவது எல்லாம் உதவியாளர்கள் செய்தார்கள். நமக்குத் தெரிந்த பாஸ்டர் — கோழி, ஆடு, வெறிநோய் — முழுக்க அந்த 45 வயதுக்குப் பிறகு வந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஆட்டுக்கு வருவோம்.

பாரீஸுக்குத் தென்மேற்கே போஸ் என்ற சமவெளி. ஷார்த்ரு நகரத்தைச் சுற்றிக் கோதுமைக் காடு. அறுவடை முடிந்த தரிசில் செம்மறி மந்தைகள் மேயும். நம்ம கீதாரிகள் அறுவடைக்குப் பிறகு தஞ்சை, திருவாரூர் பக்கம் வயல்களில் கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புரியும். அங்கே அடைப்பான் நோய் மந்தை மந்தையாகத் தூக்கிக்கொண்டு போயிற்று. காலையில் மேய்ந்த ஆடு சாயங்காலம் கிடக்கும். இரத்தம் உறையாமல் கறுப்பாக இருக்கும். நோயின் ஐரோப்பியப் பெயருக்கே கரி என்றுதான் பொருள். சில நிலங்களில் எந்த மந்தையை விட்டாலும் சாகும். அவற்றைச் சபிக்கப்பட்ட நிலம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். நம்ம ஊராக இருந்தால் காத்து கருப்பு என்று சொல்லி, முனியய்யாவுக்குக் கிடா வெட்டியிருப்பார்கள்.

நோய்க்குக் காரணமான கிருமியின் வாழ்க்கையை 1876-இல் ஜெர்மனியின் ராபர்ட் கோக் வெளியிட்டுவிட்டார். அது சூழ்நிலை சரியில்லாதபோது விதை மாதிரி ஓடுபோட்டுச் சுருண்டுகொள்ளும். வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். சரி, மண்ணுக்குள் புதைத்தது மேலே எப்படி வருகிறது? 1878-லிருந்து பாஸ்டரும் சீடர்கள் ரூ, சாம்பெர்லான் ஆகியோரும் போஸ் பகுதிப் பண்ணைகளில் முகாம் போட்டார்கள். ஒரு வயலில் நடந்துபோகும்போது ஓரிடத்தில் மட்டும் மண்ணின் நிறம் மாறியிருப்பதைக் கவனித்து, பண்ணைக்காரரிடம் விசாரித்தார் பாஸ்டர். முந்தின வருஷம் அடைப்பானில் செத்த ஆடுகளை அங்கேதான் புதைத்தோம் என்று தெரிந்தது. குனிந்து பார்த்தால் மண்புழுக்கள் தள்ளிய சின்னச் சின்ன மண் உருண்டைகள். அதை எடுத்துப் போய் ஆராய்ந்தபோது உள்ளே நோய் விதை இருந்தது. சாபமும் இல்லை, பேயும் இல்லை! அடைப்பானில் செத்ததை அறுக்காதே, தோலை உரிக்காதே, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதை, இல்லை எரித்துவிடு என்று இன்றும் கால்நடைத் துறையினர் சொல்வதன் காரணம் இதுதான். உடலைத் திறந்து காற்றுப் பட்டால்தான் கிருமி ஓடுபோட்டுக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒரு கோழிக் கதையைச் சொல்லாமல் போனால் என் பொறியியல் படிப்புக்கு மரியாதை இல்லை. கோழிக்கு அடைப்பான் வராது. ஏன்? அல்ஃபோர் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் கோலன், கோழிக்கு அதை வரவழைப்பது சுலபம் என்று வாதாடிக்கொண்டே இருந்தார். ஆனால் ஒரு கோழியைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. பாஸ்டர் யோசித்தார்: கோழியின் உடல் வெப்பம் கிட்டத்தட்ட 42 டிகிரி, நம்மைவிட அதிகம். ஒருவேளை அந்தச் சூட்டில் கிருமி வளர முடியவில்லையோ? கிருமி ஏற்றிய கோழியின் காலைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி வைத்தார். உடல் குளிர்ந்தது, நோய் வந்தது, கோழி செத்தது. 1878-இல் செத்த கோழியைக் கையோடு மருத்துவக் கழகத்துக்கே எடுத்துப் போய்க் காட்டினார். குளிரவைத்துப் பிறகு வெளியே எடுத்துச் சூடேற்றிய இன்னொரு கோழி பிழைத்துக்கொண்டது. வெறும் வெப்பநிலை வித்தியாசம்! பின்னால் அடைப்பான் கிருமியைப் பலவீனப்படுத்த அவர் வளர்த்த வெப்பம் 42, 43 டிகிரி என்பது கவனிக்கத்தக்கது. அந்தச் சூட்டில் அது விதை கட்டுவதில்லை. நாளாக நாளாக வீரியம் குறைகிறது.

கோழிக் காலராவில்தான் முதல் திறவுகோல் கிடைத்தது. துலூஸ் கால்நடைக் கல்லூரியில் ஆன்றி துசேன் என்ற இளம் பேராசிரியர் இருந்தார். கோழிகளைக் கொல்லும் அந்த நோயின் கிருமியை பாஸ்டருக்கு அனுப்பி வைத்தவர் அவர். 1879-இல் பழைய வளர்ப்பு ஒன்றைக் கோழிகளுக்குப் போட்டபோது அவை சாகவில்லை. அதே கோழிகளுக்குப் புதுக் கிருமியைப் போட்டாலும் அசையவில்லை. ஒரு நோயின் கிருமியையே சோதனைச் சாலையில் சாதுவாக்கி, அதே நோய்க்கு அரணாக்கலாம் என்பது 1880-இல் உலகுக்குத் தெரிந்தது. எட்வர்ட் ஜென்னர் பசுவின் அம்மையை வைத்துச் செய்தது இயற்கை தந்த அதிர்ஷ்டம், இது ஃபார்முலா. அந்தக் கிருமியின் குலத்துக்கே இப்போது பாஸ்டர் பெயர்தான். நம்ம மாடுகளுக்கு மழைக் காலத்தில் வரும் தொண்டை அடைப்பானும் அதே குலத்தின் வேலை.

பிறகு 1881 மே மாதம். மெலன் நகருக்கு அருகே புய்யி-ல-ஃபோர் என்ற சிற்றூர். அங்கே ரொசிஞோல் என்ற கால்நடை மருத்துவர். பாஸ்டரின் பேச்சில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஊர் விவசாய சங்கத்தில் பணம் வசூலித்து, தன் பண்ணையிலேயே பகிரங்கமாகச் சோதித்துக் காட்டும்படி சவால் விட்டார். பாஸ்டர் யோசிக்காமல் ஒத்துக்கொண்டார். சீடர்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. 24 செம்மறி, 1 வெள்ளாடு, 6 மாடுகளுக்கு மே 5-இலும் 17-இலும் இரண்டு தவணை மருந்து. இன்னொரு பக்கம் 24 செம்மறி, 1 வெள்ளாடு, 4 மாடுகள், மருந்தே இல்லாமல். மே 31 அன்று எல்லாவற்றுக்கும் வீரியமுள்ள அடைப்பான் கிருமியை ஏற்றினார்கள். ஜூன் 2 மத்தியானம் பண்ணையில் திருவிழாக் கூட்டம். அதிகாரிகள், விவசாயிகள், கால்நடை மருத்துவர்கள், லண்டன் பத்திரிகை நிருபர் வரை வந்திருந்தார்கள். மருந்து போடாத பக்கம் 21 செம்மறியும் வெள்ளாடும் செத்துக் கிடந்தன. இரண்டு செம்மறிகள் கூட்டம் பார்க்கவே விழுந்தன. கடைசி ஒன்று பொழுது சாய்வதற்குள் போயிற்று. மருந்து போட்ட பக்கம் மேய்ந்துகொண்டிருந்தன. மாடுகள் சாகவில்லை, மருந்து போடாதவற்றுக்கு வீக்கமும் காய்ச்சலும் கண்டன. 1894-க்குள் பிரான்சில் 34 லட்சம் ஆடுகளுக்கு இந்த ஊசி போடப்பட்டது. பத்துக்கு ஒன்று செத்துக்கொண்டிருந்த இடத்தில் நூற்றுக்கு ஒன்று என்று இறப்பு இறங்கியது.

கதை இங்கே நின்றிருந்தால் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் குடும்பத்தாரிடம் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அவருடைய பேரன் 1964-இல் அவற்றை பாரீஸ் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். அவற்றை வரி வரியாகப் படித்து 1995-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜெரால்டு கைசன் ஒரு புத்தகம் எழுதினார். அதிலிருந்து தெரிவது இது: புய்யியில் போட்டது, காற்றுப் படவைத்துப் பலவீனப்படுத்திய மருந்து என்று எல்லாரும் நம்பும்படி விட்டுவிட்டார் பாஸ்டர். உண்மையில் போட்டது, சாம்பெர்லான் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற ரசாயனத்தால் பதப்படுத்தியது. ரசாயனத்தால் பதப்படுத்தும் வழியில் முன்பே போனவர் யார்? அதே துலூஸ் பேராசிரியர் துசேன்! 1880-லேயே அவர் இரத்தத்தைச் சூடுபடுத்தியும், கார்பாலிக் அமிலம் சேர்த்தும் ஆட்டுக்கு அடைப்பான் தடுப்பு மருந்து செய்து, அறிவியல் கழகத்துக்கு எழுதிவிட்டிருந்தார். அவரது முறையைப் பெரிதாக மதிக்காதவர் போலப் பேசிவந்த பாஸ்டர், அவசரத்துக்கு அந்த வழியையே எடுத்துக்கொண்டார். துசேனுக்கு அடுத்த வருஷமே நரம்பு நோய் வந்து வேலை நின்றுபோயிற்று. 1890-இல், 43 வயதில், காலமானார். பெயர் வெளியே வரவில்லை.

வெறிநோயிலும் இதே மாதிரிதான். லியோன் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் கால்டியே என்பவர் 1879-இலேயே வெறிநோயை முயலுக்கு ஏற்றலாம் என்று காட்டினார். வெறிநாயை வைத்துக்கொண்டு யார் ஆராய்ச்சி செய்வது? முயல் என்றால் முடியும். அந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தித்தான் பாஸ்டர் மருந்து செய்தார். 1885 ஜூலை 6 அன்று அல்சேஸிலிருந்து அம்மாவோடு வந்த ஒன்பது வயதுச் சிறுவன் மெய்ஸ்டருக்குத் தொடர்ந்து 13 ஊசிகள் போடப்பட்டன. பாஸ்டர் மருத்துவர் அல்லாததால் டாக்டர் கிராஞ்சே போட்டார். பையன் பிழைத்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த இரண்டாவது ஆள் ஜுப்பீய், 15 வயது ஆட்டுக்காரப் பையன். கூட ஆடு மேய்த்த சின்னப் பிள்ளைகளைக் காப்பாற்ற வெறிநாயோடு கட்டிப் புரண்டு கடிபட்டவன். பாரீஸ் பாஸ்டர் நிறுவனத்தின் தோட்டத்தில் அவனும் நாயும் மல்லுக்கட்டும் சிலை இருக்கிறது.

இதையெல்லாம் படித்தபின் பாஸ்டர் எனக்குச் சின்ன ஆளாகிவிட்டாரா என்றால், இல்லை. பொதுமேடையில் 50 பிராணிகளுக்குமேல் நிறுத்தி, தோற்றால் மானம் போகும் என்று தெரிந்தே இறங்குவதற்கு ஒரு தைரியம் வேண்டும். ஆனால் நேர்மைக் கணக்கில் அவர் துசேனுக்குப் பாக்கி வைத்திருக்கிறார். பாடப் புத்தகத்திலும் அந்தப் பாக்கி தீரவில்லை. மாட்டு டாக்டர்தானே என்ற இளக்காரம் அன்றைக்கு பாரீஸிலும் இருந்தது. நம் விடுதியில் கால்நடை மருத்துவம் படிக்கப் போன நண்பனுக்கு நாம் என்ன பட்டப்பெயர் வைத்தோம் என்று உங்களுக்கே நினைவிருக்கும்! நம் எல்லார் தோளிலும் உள்ள பி.சி.ஜி. தழும்பில் கடைசி எழுத்து கேரன் என்பவரைக் குறிக்கும். காசநோய்த் தடுப்பூசியை 1908 முதல் 1921 வரை 13 வருஷம் கிருமியை மாற்றி மாற்றி வளர்த்து உண்டாக்கிய இருவரில் ஒருவர். அவர் கால்நடை மருத்துவர்.

1895 செப்டம்பர் 28 அன்று பாஸ்டர் காலமானார். அந்த நாள்தான் உலக வெறிநோய் தினம். எட்டு வருஷத்தில், 1903-இல், சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அந்த மாதிரி நரம்புத் திசு மருந்து பல பத்தாண்டுகள் அங்கே தயாரானது. இன்று அது ஒழிந்து, கையில் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. 1932-இல் இராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம். இமயமலைப் பக்கம் முக்தேசுவரில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920-களில் வெக்கை நோய்க் கிருமியை ஆட்டுக்கு ஆடு மாற்றி மாற்றிச் சாதுவாக்கினார். பாஸ்டரின் அதே உத்தி. நம் தாத்தாக்களின் தொழுவத்தைக் காலி செய்த அந்த வெக்கை நோய் 1995-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. 2011-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மனிதனின் பெரியம்மைக்கு அடுத்து பூமியை விட்டே துரத்தப்பட்ட ஒரே நோய் அது.

அதன் தம்பிதான் ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே தமிழ்நாட்டில், 1987-இல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அந்தக் கிருமியையே வளர்த்துத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி செய்தார்கள். ஊர்ப் பெயராலேயே அரசூர் 87 என்று அதற்குப் பெயர். 2030-க்குள் இதையும் உலகிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று 2015-இல் இலக்கு வைத்தார்கள். 2019-இல் நம் நாட்டுக்குள் நுழைந்து 2022-இல் குஜராத், ராஜஸ்தான் மாடுகளை வாரிக்கொண்டு போன தோல் கழலை நோய்க்கு, அதே 2022-இல் ஹிசார் குதிரை ஆராய்ச்சி மையமும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஊசி கண்டுபிடித்தன. ராஞ்சியில் எடுத்த கிருமியை 50 முறை செல் வளர்ப்பில் மாற்றி மாற்றிச் சாதுவாக்கினார்கள். கண்ணாடிக் குடுவை போய் செல் வளர்ப்பு வந்திருக்கிறது. யோசனை 1880-இல் வந்த அதே யோசனை.

என் வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. ஆட்டுக்கொல்லி ஊசி மருந்து உலர்ந்த பொடியாக வரும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஐஸ் மேலேயே வைத்துச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் உப்புக் காத்து குளிர்பெட்டியின் செம்புக் குழாயைத் தின்றுவிடும். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சித்திரை வெயிலில் ஐஸ் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடியே பாதிக் குளிர்ச்சி போய்விடும். சூடு பட்ட மருந்து பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியே இருக்கும். ஆட்டுக்குள் போனால் வெறும் தண்ணீர். ஊசி போட்டும் செத்துப்போச்சே என்று கீதாரி கேட்டால், தப்பு மருந்து கண்டுபிடித்தவர் மேல் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. ஊருக்குள் முகாம் போடும் நாளில் பல கிடைகள் ஊரிலேயே இருப்பதில்லை; டெல்டா வயலில் இருக்கும். அங்கே போனால் வெளியூர் ஆடு, இங்கே வந்தால் முகாம் முடிந்துவிட்டது. நாலு மாதக் குட்டிக்கு ஒரு ஊசி, மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை என்கிற மருந்து கையில் இருந்தும் இந்த இடைவெளியில்தான் நோய் நுழைகிறது. நம் பழைய மாணவர்களில் கால்நடைத் துறையிலும் ஊராட்சியிலும் இருப்பவர்கள் பல பேர். கிடை எந்த மாதம் கிளம்புகிறது என்று கீதாரிகளைக் கேட்டு, அதற்குப் பதினைந்து இருபது நாள் முன்னதாக முகாம் தேதியை வைக்க ஏற்பாடு செய்யலாம். குளிர்பெட்டிக்கு நான் பொறுப்பு.